பலகைத் தட்டில் பரீட்சை

மாணவர் ரோபோப் போட்டிகளுக்குக் கருவி எப்படியோ கிடைத்துவிடுகிறது. பழகக் களம் கிடைப்பதில்லை. அதைக் கட்டும் வேலையில்தான் பாதிப் பாடம் இருக்கிறது.

இரண்டரை நிமிடம். பள்ளி மாணவர்களுக்கான ரோபோப் போட்டிகளில் ஓர் அணிக்குக் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் இவ்வளவுதான். அதற்குள் ரோபோ புறப்பட்டு, கோட்டைப் பிடித்துச் சென்று, அலமாரியின் முன் நின்று, இரண்டாம் தட்டில் இருக்கும் பெட்டியை எடுத்து வேறோர் இடத்தில் வைக்க வேண்டும். மாதக்கணக்கான உழைப்பு அந்த இரண்டரை நிமிடத்தில் தேறும் அல்லது தேறாது. தேறாதபோது மாணவர்கள் முதலில் சந்தேகப்படுவது மோட்டாரை. அடுத்து பேட்டரியை. கடைசியில் புரோகிராம் எழுதிய நண்பனை. வீட்டில் பழகுவதற்காகக் கட்டிய அலமாரியை யாரும் சந்தேகப்படுவதில்லை. பல நேரம் குற்றவாளி அதுதான்.

ரோபோப் போட்டி நடத்துபவர்கள் ஆண்டுதோறும் ஒரு புதிய விளையாட்டை அறிவிக்கிறார்கள். அதன் விதிகளோடு களத்தின் வரைபடமும் வரும்: தரையின் நீள அகலம், கோடுகளின் நிறம், தட்டுகளின் உயரம் எல்லாம் மில்லிமீட்டரில். போட்டி நாளில் அசல் களம் அரங்கில் தயாராக இருக்கும். அதுவரை பழகுவதற்கு அதே அளவில் ஒரு நகலை அணிகள் தாங்களே செய்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1992இல் 28 அணிகளோடு முதல் போட்டியை நடத்திய 'ஃபர்ஸ்ட்' அமைப்பு, அசல் களத்தின் விலையுயர்ந்த பாகங்களுக்குப் பதிலாக பிளைவுட்டில் செய்துகொள்ளத்தக்க எளிய வடிவங்களின் வரைபடங்களையும் வெளியிடுகிறது. களம் இல்லாத அணி ஜெயிக்காது என்பது நடத்துபவர்களுக்கே தெரியும்.

அலமாரியும் தட்டும் இந்த விளையாட்டுகளில் அடிக்கடி தலைகாட்டுகின்றன. கல்லூரி மாணவர்களுக்காக ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 2002 முதல் நடத்திவரும் ரோபோகான் போட்டியில் ஒவ்வோர் ஆண்டும் நடத்தும் நாடு தன் மண்ணுக்குரிய ஒரு கதையைக் களமாக்குகிறது. 2008இல் புணேயில் நடந்தபோது கண்ணனின் வெண்ணெய்ப் பானை களமேறியது. 2022இல் புது தில்லியில் லகோரி என்கிற ஏழு கல் ஆட்டம். குங்ஃபூவைக் கருப்பொருளாகக் கொண்ட 2026 ஹாங்காங் போட்டியின் விதிகளில் மூன்றுக்கு மூன்று அறைகள் கொண்ட ஒரு தட்டுச் சட்டம் இடம்பெற்றது. கதை எதுவானாலும் மாணவர்களுக்கு வந்துசேர்வது தச்சு வேலைதான்.

நூல் கணக்கு

மேற்குக் கொச்சியில் தோப்பும்படியை எடுத்துக்கொள்ளலாம். வில்லிங்டன் தீவிலிருந்து பழைய துறைமுகப் பாலத்தைக் கடந்தால் வரும் முதல் சந்திப்பு. ஒரு பக்கம் மீன்பிடித் துறைமுகம், இன்னொரு பக்கம் மட்டாஞ்சேரிக்குப் போகும் சாலை, நடுவில் நெருக்கியடித்த வீடுகளும் கடைகளும். இங்கே ஓர் அணி பயிற்சி அலமாரி கட்டக் கிளம்பினால் மரத்துக்கு அதிக தூரம் போக வேண்டாம். சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ள பெரும்பாவூர் கேரளத்தின் பிளைவுட் தலைநகர். பால் வற்றிய ரப்பர் மரங்களை உரித்து, ஒட்டி, பலகையாக்கும் ஆலைகள் அங்கே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அசாம், வங்காளம், ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் உழைப்பில் அவை ஓடுகின்றன.

சிக்கல் மரத்தில் இல்லை, அளவில். போட்டியின் வரைபடம் மில்லிமீட்டரில் பேசுகிறது. தச்சர் அடியிலும் அங்குலத்திலும் நூலிலும் பேசுகிறார். எட்டு நூல் ஓர் அங்குலம். ஆக ஒரு நூல் என்பது மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். துணிமணி அலமாரிக்கு ஒரு நூல் பிசகினால் வீட்டுக்காரர் கண்ணில்கூடப் படாது. ஐந்து தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றும்போது ஒவ்வொன்றிலும் ஒரு நூல் கூடினால் உச்சித் தட்டு 16 மி.மீ. உயர்ந்துவிடும். கட்டைவிரல் அகலத்துக்குச் சற்றுக் குறைவு. ரோபோவின் கை பெட்டிக்கு அடியில் நுழைய வேண்டிய இடத்தில் பலகையில் இடித்து நிற்க இது தாராளமாகப் போதும்.

இதைத் தவிர்க்கத் தேர்ந்த தச்சர்களுக்குப் பழைய வழி ஒன்று தெரியும். ஒவ்வொரு தட்டையும் கீழே உள்ள தட்டிலிருந்து அளப்பதில்லை. எல்லா உயரத்தையும் தரையிலிருந்தே அளந்து ஒரே சட்டத்தில் குறித்துக்கொள்கிறார்கள். பிசகு அந்தந்தத் தட்டோடு நின்றுவிடும், மேலே ஏறாது. சட்டம் சதுரமாக இருக்கிறதா என்று பார்க்க மூலைக்கு மூலை குறுக்கே அளக்கிறார்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேர். கடைசியில் ரசமட்டம் வைத்துப் பார்ப்பது. வகுப்பில் செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்று எழுதி மதிப்பெண் வாங்கிய மாணவன் அது எதற்குப் பயன்படும் என்பதை முதன்முதலாகத் தெரிந்துகொள்வது இந்த இடத்தில்தான்.

பலகையின் தடிமன் இன்னொரு பொறி. 18 மி.மீ. என்று கடையில் வாங்குவது அளந்தால் 17 ஆக இருப்பது புதிதல்ல. அறுக்கும்போது ரம்பத்தின் பல் தின்னும் இடம் தனி. வட்ட ரம்பத்துக்குச் சுமார் மூன்று மில்லிமீட்டர். எட்டுக்கு நாலு அடிப் பலகையை நான்கு சம பாகமாக்க வரைபடம் போட்டவர் இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் கடைசித் துண்டு குட்டையாக வரும். களமசேரியில் கேரள ஸ்டார்ட்டப் மிஷனின் ஃபேப் லேப் இருக்கிறது. எட்டடிப் பலகையைக் கணினி வரைபடத்தின்படி அப்படியே வெட்டித் தரும் எந்திரம் இத்தகைய கூடங்களின் வழக்கமான கருவிகளில் ஒன்று. அதிலும் பலகையின் உண்மைத் தடிமனை முதலில் அளந்து சொல்ல வேண்டியது மனிதன்தான்.

மழையும் மரமும்

ரோபோகானின் இந்தியச் சுற்றை தூர்தர்ஷன் நடத்துகிறது. அண்மை ஆண்டுகளில் அது ஜூலை மாதத்தில் தில்லியில் நடந்திருக்கிறது. பயிற்சி உச்சத்தில் இருக்க வேண்டிய ஜூன் மாதம் கொச்சியில் பருவமழை கொட்டும் மாதம். ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்யும் ஊர் இது. காற்றின் ஈரப்பதம் அப்போது 80 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது அபூர்வம்.

வெட்டுவதற்கு வெண்ணெய் மாதிரி இருக்கிறதே என்று மாணவர்கள் விரும்பி வாங்குவது எம்.டி.எஃப். பலகை. மர இழைகளையும் பசையையும் அழுத்திச் செய்தது. வெட்டிய ஓரத்தில் ஈரம் பட்டால் அது உப்பிவிடும். ஒருமுறை உப்பினால் திரும்ப அமுங்காது. பிளைவுட்டில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்படுவதால் அது அவ்வளவு எளிதில் வளையாது. ஆனாலும் மட்டமான உள்ளறைப் பலகை ஒரு மழைக்காலத்தில் ஓரம் பிரிந்துவிடும். வெட்டிய உடனே ஓரங்களுக்கு வார்னிஷோ பெயின்ட்டோ அடிப்பதும், தட்டின் நடுவில் அடிக்கட்டை ஒன்று கொடுப்பதும் செலவு குறைந்த காப்பீடு.

பெயின்ட் விஷயத்திலும் ஒரு நுணுக்கம். ரோபோ பார்ப்பது நிறத்தை அல்ல, திரும்பிவரும் ஒளியை. அகச்சிவப்பு உணரி வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியையும் கறுப்புக் கோட்டில் விழுங்கப்படும் ஒளியையும் வைத்துத்தான் வழி கண்டுபிடிக்கிறது. பளபளக்கும் எனாமல் கறுப்பு சில கோணங்களில் வெள்ளையைப் போலவே ஒளியைத் திருப்பும். கறுப்பு என்று மனிதக் கண் சத்தியம் செய்யும், ரோபோ ஒப்புக்கொள்ளாது. மங்கல் பூச்சு வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது.

தரை விரிப்பில் கேரள மாணவர்களுக்கு ஒரு கூடுதல் அக்கறை இருக்கிறது. உலக ரோபோ ஒலிம்பியாட், ஐ.ஐ.டி. மும்பையின் இ-யந்த்ரா போன்ற போட்டிகளில் களத்தின் கோடுகளையும் நிறங்களையும் கணினிக் கோப்பாகத் தருவார்கள். அதைப் பதாகை அச்சடிக்கும் கடையில் கொடுத்து அச்சிட்டுக்கொள்வது நாடெங்கும் வழக்கம். கேரள அரசு 2019இல் பி.வி.சி. ஃபிளெக்ஸுக்குத் தடை விதித்தது. துணியில் அச்சிட்டால் மடிப்பு விழும். சின்னச் சக்கரம் அந்த மடிப்பில் ஏறி இறங்கும்போது திசை மாறும். பலகைமேல் இழுத்து ஒட்டிவிட்டால் சரியாகிவிடும். அதற்கும் பலகை வேண்டும், பலகை விரிக்க இடம் வேண்டும்.

இடம் எங்கே?

மரம், அளவு, மழை எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது இடம். போட்டிகளின் களங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் இது புரியும். சிறுவர்களுக்கான ஃபர்ஸ்ட் லெகோ லீக் எட்டுக்கு நாலு அடி மேசையில் முடிந்துவிடுகிறது. 32 சதுர அடி, ஒரு கட்டில் அளவு. அடுத்த நிலையான ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்சுக்குப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி, அதாவது 144 சதுர அடி. ஒரு முழு அறை போய்விட்டது. மங்கோலியா நடத்திய 2025 ரோபோகானில் ரோபோக்கள் கூடைப்பந்து ஆடின. களம் 15 மீட்டருக்கு 8 மீட்டர், சுமார் 1,290 சதுர அடி. தோப்பும்படியில் பல குடும்பங்களின் வீடே அவ்வளவு இருக்காது.

ஆகவே பெரும்பாலான அணிகள் துண்டுக் களம் கட்டுகின்றன. முழு அலமாரிக்குப் பதிலாக ஒரே ஒரு பத்தி. முழுத் தரைக்குப் பதிலாக அலமாரிக்கு முன்னால் உள்ள நான்கடி. இது புத்திசாலித்தனமான சிக்கனம்தான். ரோபோ தவறுவது பெரும்பாலும் கடைசி அரை மீட்டரில். அதைப் பழக அந்த அரை மீட்டர் போதும். ஆனால் ஓர் ஆபத்து உண்டு. சிவப்பு அணிக்கும் நீல அணிக்கும் களம் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலம் மாறியிருக்கும். சிவப்புப் பாதியை மட்டும் கட்டிப் பழகிய ரோபோ நீலப் பாதியில் நிறுத்தப்பட்டால் இடதுக்கு வலது திரும்பிவிடும். புரோகிராமில் திருத்தியது சரிதானா என்பது அரங்கில்தான் தெரியவரும். அப்போது தெரிந்து பயனில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தோப்பும்படியை ஒட்டிய மட்டாஞ்சேரி, கிடங்குகளின் ஊர். மிளகும் இஞ்சியும் ஏலமும் மூட்டை மூட்டையாக அடுக்கிவைத்த உயரமான கூரையும் அகலமான தரையும் கொண்ட கட்டடங்கள் கடைத்தெரு நெடுக நிற்கின்றன. வாணிபம் சுருங்கியபின் பல காலியாகின. 2012இல் தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலே இத்தகைய கிடங்குகளைக் கலைக் காட்சிக்கூடங்களாக்கியது. ஒரு பழைய மிளகுக் கிடங்கு ஓவியத்துக்கு உதவுமானால் ரோபோவுக்கும் உதவும். மேடுபள்ளமில்லாத தரையும் ஒழுகாத கூரையும் இருந்தால் போதும். ஆனால் கலைஞர்களுக்குக் கதவு திறந்த ஊரில் பள்ளிப் பிள்ளைகளின் பலகைக் களத்துக்கு ஒரு மூலை கேட்கவேண்டும் என்று இன்னும் பரவலாக யாருக்கும் தோன்றவில்லை.

இடப் பஞ்சத்துக்குக் கணினி ஒரு மாற்றுச் சொல்கிறது. 2012இல் தொடங்கிய இ-யந்த்ரா போட்டியின் 2023-24 ஆட்டங்களில் ஒன்று, கிடங்கில் ரேக்குகளை நகர்த்திப் பெட்டிகளை எடுப்பது. மாணவர்கள் முதலில் திரையில் ஓடும் பாவனைக் கிடங்கில்தான் பழகினார்கள். பலகை வேண்டாம், ரசமட்டம் வேண்டாம். ஏழை மாணவனுக்கும் எட்டும் வழி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் திரையில் இருக்கும் தட்டு எப்போதும் நேராகவே இருக்கும். அது உப்பாது, ஆடாது, பெட்டி அதில் வழுக்காது. நிஜத் தட்டில் இவை எல்லாம் நடக்கும்.

கிடங்கு சொல்லும் பாடம்

அலமாரிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்களுக்கு உலகச் சந்தை பதில் வைத்திருக்கிறது. கிடங்கில் அலமாரியையே தூக்கிக்கொண்டு வரும் ரோபோக்களைச் செய்த கீவா நிறுவனத்தை அமேசான் 2012இல் 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. அலமாரி வந்து நின்றுவிடும்; அதிலிருந்து பொருளை எடுப்பது மட்டும் மனிதர் வேலையாகவே இருந்தது. அதை ரோபோவால் செய்ய முடியுமா என்று பார்க்க 2015இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஒரு போட்டி வைத்தார்கள். பன்னிரண்டு அறைகள் கொண்ட அலமாரி, இருபது நிமிடம். கைதேர்ந்த பல்கலைக்கழகங்கள் திணறின. ஜெயித்தது பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக அணி. அவர்களுடைய ரோபோவின் கை, கடையில் விற்கும் வாக்குவம் கிளீனரை வைத்துப் பொருள்களை உறிஞ்சிப் பிடித்தது. விரல்கள் நுழையச் சிரமப்படும் குறுகிய அறையில் உறிஞ்சுகுழாய் சுலபமாக நுழைந்தது. அலமாரியைப் புரிந்துகொண்டவர்களுக்குக் கையின் வடிவம் தானாக வந்தது.

இரண்டு ஆண்டு கழித்து ஜப்பானின் நகோயாவில் நடந்த போட்டியில் விதியையே மாற்றினார்கள். அலமாரியையும் அணிகளே வடிவமைத்துக் கொள்ளலாம். ஐ.ஐ.டி. கான்பூரும் டி.சி.எஸ். நிறுவனமும் சேர்ந்த இந்திய அணி அதில் கலந்துகொண்டது. வெற்றி ஆஸ்திரேலிய அணிக்கு. தட்டு கட்டுவது ரோபோ கட்டுவதன் ஒரு பகுதி என்பதை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்ட போட்டி அது.

இந்தியக் கதையும் உண்டு. பிலானி பிட்ஸ் கல்லூரியில் அச்யுத் என்ற மனித வடிவ ரோபோவைக் கட்டிப் போட்டிகளுக்குக் கொண்டுபோன மாணவர்கள் சமய் கோலியும் ஆகாஷ் குப்தாவும் 2011இல் கிரேஆரஞ்ச் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதன் 'பட்லர்' ரோபோ கிடங்கு அலமாரிகளைச் சுமந்து வருகிறது. போட்டிக் களத்திலிருந்து கிடங்குத் தரைக்கு அவ்வளவு ஒன்றும் தூரமில்லை.

பெரிய நகரத்தின் பெரிய கல்லூரிதான் ஜெயிக்கும் என்பதும் இல்லை. 2014இல் ரோபோகான் மீண்டும் புணேக்கு வந்தபோது கோப்பையை எடுத்துச் சென்றது வியட்நாமின் லாக் ஹோங் பல்கலைக்கழகம். தலைநகர் ஹனோயில் அல்ல, தெற்கே பியென் ஹோவா என்ற தொழில் நகரத்தில் இருப்பது. 2017இலும் 2018இலும் அவர்களே மறுபடி வென்றார்கள்.

கருவி வந்தது, களம் வரவில்லை

கேரளத்தில் கருவிப் பஞ்சம் தீர்ந்துவருகிறது. அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட், 2018இல் உயர்நிலைப் பள்ளிகளில் 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்களைத் தொடங்கியது. 2022 டிசம்பரில் 2,000 பள்ளிகளுக்கு 9,000 ரோபோப் பெட்டிகள் வழங்கும் திட்டம் ஆரம்பமானது. ஆர்டுயினோ பலகை, சர்வோ மோட்டார், ஒளி உணரி, அகச்சிவப்பு உணரி எல்லாம் அதில் உண்டு. 2025-26 கல்வியாண்டில் பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே ரோபோவியல் சேர்க்கப்பட்டது. படிப்பவர்கள் 4.3 லட்சம் பேர். மொத்தம் 29,000 பெட்டிகள் பள்ளிகளுக்குப் போயின. எந்த மாநிலமும் பொறாமைப்படலாம்.

மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் 10,000 பள்ளிகள் ஆய்வுக்கூடம் பெற்றிருக்கின்றன. தலா 20 லட்சம் ரூபாய் வரை உதவி. இதில் சேரப் பள்ளிக்கு 1,500 சதுர அடி இடம் இருக்க வேண்டும், மலைப்பகுதிக்கு 1,000. இடம் வேண்டும் என்று விதியிலேயே எழுதியது நல்லதுதான். ஆனால் இடம் இல்லாத பள்ளி என்ன செய்யும்? மேற்குக் கொச்சி போன்ற நெருக்கமான பகுதிகளிலும், சென்னை, மும்பை, கொல்கத்தாவின் பழைய பேட்டைகளிலும், இடம்தான் முதல் தடை. பணம் அதற்குப் பின்னால்தான் நிற்கிறது.

வழி இல்லாமல் இல்லை. ஒரு பள்ளிக்கு ஒரு களம் என்பது வீண் செலவு. பத்துப் பள்ளிக்கு ஒரு களம் போதும். அலமாரியை ஆணி அடிக்காமல் திருகு வைத்துக் கட்டினால் போட்டி முடிந்ததும் கழற்றிச் சுவரோரம் சாத்திவிடலாம். அடுத்த ஆண்டு விளையாட்டு மாறினாலும் பலகை மாறாது. அதே எட்டுக்கு நாலு வேறு உயரத்தில் வேறு தட்டாகும். ஊர்த் தச்சர் ஒருவரை ஒரு நாள் வரவழைத்து நூல் கணக்கையும் ரசமட்டத்தையும் சொல்லிக்கொடுக்கச் சொன்னால் அதைவிடச் சிறந்த செய்முறை வகுப்பு கிடையாது. இரண்டு மாதம் காலியாகக் கிடக்கும் ஒரு கிடங்கோ, சமூகக் கூடமோ கிடைத்தால் மீதி வேலையை மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும் பாக்கி. வீட்டு அலமாரியை எவ்வளவு துல்லியமாகக் கட்டினாலும் அரங்கில் இருப்பது அதே அலமாரி அல்ல. அதைச் செய்த கையும் ஒரு தச்சரின் கைதான். அங்கேயும் ஒரு நூல் முன்பின் இருக்கும். உலக ரோபோ ஒலிம்பியாடில் போட்டி நாள் காலையில் முன்பின் சொல்லாத ஒரு புதிய விதியைக்கூட நுழைப்பார்கள். அனுபவமுள்ள அணிகள் ஆகவே முதலில் அலமாரியைச் சரியாகக் கட்டுகின்றன. ரோபோ தேறியபின் காலுக்கடியில் அட்டை கொடுத்து வேண்டுமென்றே சாய்க்கின்றன. தட்டை ஐந்து மில்லிமீட்டர் ஏற்றி இறக்குகின்றன. விளக்கை அணைத்தும் ஜன்னலைத் திறந்தும் பார்க்கின்றன. பிசகிய தட்டிலும் பெட்டியை எடுக்கக் கற்ற ரோபோவுக்கு எந்த அரங்கும் புதிதல்ல.

இதையெல்லாம் பழக ஒரு தட்டு வேண்டும், தட்டு நிற்க ஓர் இடம் வேண்டும். பெட்டியில் அடைத்து ரோபோவை அனுப்பிவிடலாம். களத்தை அப்படி அனுப்ப முடியாது. ஊரில்தான் கட்ட வேண்டும்.